டிவிடிக்கு வீடியோ அளவு மாற்றும்போது முகம் இழுபடாமல் இருக்க

கணினியில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதே கல்யாண வீடியோவை டிவிடியில் எழுதி, ஊரில் அம்மா வீட்டு டிவியில் ஓட்டினால் மாப்பிள்ளை ஒல்லியாக, நெட்டையாக நிற்பார். இல்லையென்றால் எல்லோர் முகமும் பூசணிக்காய் போல விரிந்திருக்கும். சில டிஸ்க்குகளில் படம் நாலாப் பக்கமும் கறுப்புச் சட்டத்துக்குள் தபால்தலை மாதிரி சுருங்கிக் கிடக்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: படத்தின் அகல உயர விகிதம் வழியில் எங்கோ ஓர் இடத்தில் தவறியிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும், முதலிலேயே தவறாமல் பார்த்துக்கொள்ளவும் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஓர் அளவு நாடா போதும்.

டிவிடியின் பிக்சல் சதுரம் அல்ல

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற ‘பால்’ டிவி முறை நாடுகளில் டிவிடியின் ஒரு ஃபிரேம் (தனிப் படம்) 720×576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, கனடாவில் வழங்கும் என்டிஎஸ்சி முறையில் 720×480, நொடிக்கு 29.97 ஃபிரேம். 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25 வரும். அது 4:3-ம் அல்ல, 16:9-ம் அல்ல. பிளேயர் இந்த 720×576 பிக்சலை எடுத்து, வீடியோவோடு சேர்ந்து வரும் ஃபிளாக் (விகிதக் குறிப்பு) என்ன சொல்கிறதோ அதன்படி 4:3 ஆகவோ 16:9 ஆகவோ பக்கவாட்டில் இழுத்துக் காட்டுகிறது. 4:3 என்றால் ஒவ்வொரு பிக்சலும் உயரத்தைவிட 1.067 மடங்கு அகலம். 16:9 என்றால் 1.422 மடங்கு. என்டிஎஸ்சியில் இதே எண்கள் 0.889, 1.185.

ஆகவே 16:9 டிவிடிக்குத் தயாரான ஃபிரேமைக் கணினியில் சதுர பிக்சலாக வைத்துப் பார்த்தால் ஆட்கள் ஒல்லியாகத்தான் தெரிவார்கள். அது பிழை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பதறி, 1920×1080 வீடியோவை 720×405 ஆக்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஒட்டுபவர்கள் ஏராளம். கெடுவது அந்த இடத்தில்தான்.

முதலில் மூலத்தைப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலமும் உயரமும், காட்சி விகிதம் (திரையில் தெரியும் அகலம் ÷ உயரம்), ஃபிரேம் வேகம், இன்டர்லேஸா (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் ‘ஃபீல்டு’ என்ற இரு பாதிகளாக மாறி மாறி வருவது) புரோகிரசிவா (முழு ஃபிரேமும் ஒரே தடவையில் வருவது) என்பது. கணக்குப் போட வேண்டியது காட்சி விகிதத்தை வைத்து. அகலத்தையும் உயரத்தையும் நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் மூலத்தின் பிக்சலும் சதுரமாக இல்லாமல் இருக்கலாம். எச்டிவி டேப் கேமராவின் 1440×1080 வீடியோ எண்ணிக்கையில் 4:3 போலத் தெரியும். உண்மையில் அது 16:9. கைபேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ பல நேரம் 1920×1080 என்றே பதிவாகி, ‘90 பாகை திருப்பிக் காட்டு’ என்ற குறிப்போடு இருக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்காத மென்பொருளில் ஆட்கள் படுத்த வாக்கில் வருவார்கள்.

4:3 ஃபிரேமா, 16:9 ஃபிரேமா?

இன்றைய கேமரா, கைபேசி வீடியோ எதுவானாலும் 16:9 ஃபிரேமையே தேர்ந்தெடுங்கள். பழைய விஎச்எஸ், ஹை8, மினிடிவி டேப்பிலிருந்து எடுத்த 4:3 படத்துக்கு மட்டும் 4:3 ஃபிரேம்.

அகலத்திரைப் படத்தை 4:3 ஃபிரேமுக்குள் பட்டை போட்டு அடைப்பது படக்குழாய் டிவி காலத்துப் பழக்கம். அந்த டிஸ்க்கை இன்றைய தட்டை டிவியில் போட்டால், ஃபிரேமில் ஏற்கெனவே மேலும் கீழும் பட்டை, டிவி தன் பங்குக்கு இடமும் வலமும் பட்டை. அகலத்தில் முக்கால், உயரத்தில் முக்கால் என்று திரையின் பரப்பில் 56 சதவீதம்தான் படம். தெளிவும் போய்விடும், 576 வரிகளில் 432 வரிதான் படத்துக்குக் கிடைக்கிறது. ஒரு குடும்பம் ஆயுளுக்கும் வைத்துப் பார்க்கப்போகிற வீடியோவில் கால்வாசித் தெளிவை வெறும் கறுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முறையைப் பொறுத்தவரை, 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்த வீடியோவுக்கு ‘பால்’. கைபேசிகள் பெரும்பாலும் 30 ஃபிரேமில் எடுக்கின்றன. அதை 25-க்குக் கொண்டுவர நொடிக்கு ஐந்து ஃபிரேமைத் தூக்கிப் போட வேண்டும். கேமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் தத்தித் தத்தி ஓடும். அப்படிப்பட்ட வீடியோவை என்டிஎஸ்சி டிஸ்க்காகவே செய்யுங்கள். நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். அமெரிக்கா, கனடாவில் வாங்கிய பல பிளேயர்கள் ‘பால்’ டிஸ்க்கை ஓட்டாது. டொராண்டோவில் இருக்கும் அத்தைக்கு அனுப்பும் பிரதியை எப்படியும் என்டிஎஸ்சியில்தான் செய்ய வேண்டும். கைபேசி வீடியோவின் ஃபிரேம் வேகம் இடையிடையே மாறிக்கொண்டும் இருக்கும். அளவு மாற்றும் முன் அதை நிலையான வேகத்துக்குக் கொண்டுவராவிட்டால் உதடும் ஒலியும் போகப் போக விலகும்.

கணக்கு

மூலத்தின் காட்சி விகிதம் ஃபிரேமின் விகிதத்தைவிடப் பெரியதானால், அகலம் முழு 720. உயரம் = ஃபிரேம் உயரம் × ஃபிரேம் விகிதம் ÷ மூல விகிதம். மூலம் சிறியதானால் உயரம் முழுசாக இருக்கட்டும்; அகலம் = 720 × மூல விகிதம் ÷ ஃபிரேம் விகிதம். மீதமுள்ள இடத்தை இருபுறமும் சமமாகக் கறுப்பு நிரப்பும். பிக்சல் வடிவம் இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, தனியாகப் பெருக்க வேண்டாம்.

மூலம் 16:9 என்றால் கணக்கே இல்லை: 1920×1080, 1280×720, 3840×2160 எதுவானாலும் நேராக 720×576, பட்டை கிடையாது. 4:3 படத்தை 16:9 ஃபிரேமில் வைக்க நேர்ந்தால் அகலம் 540, இருபுறமும் 90. இது என்டிஎஸ்சிக்கும் பொருந்தும். 1.85 விகிதப் படத்துக்கு 553.5 வரும், 552 வைத்து மேலும் கீழும் 12 விடுங்கள். 2.35 சினிமாஸ்கோப்புக்கு 435.7, அதாவது 436, பட்டை 70. 2.39-க்கு 428, பட்டை 74. என்டிஎஸ்சியில் 2.35-க்கு 364-ம் 58-ம், 2.39-க்கு 356-ம் 62-ம்.

எல்லா எண்ணும் இரட்டைப்படையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். டிவிடியில் நிற விவரம் இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒருமுறைதான் பதிவாகிறது. பட்டை 11 பிக்சல் என்று ஒற்றைப்படையில் வைத்தால் படத்தின் ஓரத்தில் நிறம் கறுப்புக்குள் கசியும், அல்லது மென்பொருளே சொல்லாமல் கொள்ளாமல் எண்ணை மாற்றிவிடும். இன்டர்லேஸ் வீடியோவானால் மேல் பட்டை நான்கால் வகுபட வேண்டும்.

சினிமாஸ்கோப்புக்கு இன்னும் நேர்த்தியான வழி உண்டு. டிவிடியின் சுருக்க முறையான எம்பெக்-2 படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பட்டையின் ஓரம் கட்டத்தின் நடுவில் விழுந்தால் அந்தக் கூரிய கறுப்பு விளிம்பைப் பதியவே பிட் செலவாகும், விளிம்பில் கொசு பறப்பது போல இரைச்சலும் தெரியும். உயரம் 432, பட்டை 72 என்று வைத்தால் விளிம்பு கட்டத்தின் எல்லையில் அமர்கிறது. 432-க்குரிய விகிதம் 2.37. மூலம் 1920×816 என்றால் மேலே 4, கீழே 2 பிக்சல் வெட்டி 1920×810 ஆக்குங்கள், அதுவும் 2.37. வட்டம் வட்டமாகவே இருக்கும், வெட்டியது யார் கண்ணுக்கும் தெரியாது.

நிமிர்ந்த கைபேசி வீடியோதான் தலைவலி. 16:9 ஃபிரேமில் அதற்குக் கிடைப்பது 228 பிக்சல் அகலம், இருபுறமும் 246 கறுப்பு. திரையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆட்கள் நடுவில் இருக்கும் காட்சியானால் 1080×1920-இலிருந்து 1080×1080 சதுரத்தை வெட்டி எடுங்கள். அகலம் 404, பட்டை 158, படம் கிட்டத்தட்ட இரு மடங்கு பெரிதாகத் தெரியும். தலை வெட்டுப்படுகிறதா என்று காட்சி காட்சியாகப் பார்த்து, வெட்டும் சதுரத்தை மேலே கீழே நகர்த்த வேண்டியிருக்கும். பொறுமை கேட்கும் வேலை, ஆனாலும் செய்யத் தக்கது. பக்கங்களில் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது சிலருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மங்கல் பகுதியும் அசைந்துகொண்டே இருப்பதால் பிட்டைத் தின்னும். நீண்ட வீடியோவுக்கு வெறும் கறுப்பே நல்லது.

டேப்பிலிருந்து எடுத்ததைத் தொடாதீர்கள்

மினிடிவி டேப்பும், விஎச்எஸ்ஸைக் கேப்சர் கார்டில் எடுத்ததும் ஏற்கெனவே 720×576-இல் இருக்கும். அதற்கு அளவு மாற்றமே வேண்டாம். 640×480 ஆக்கித் திரும்ப 720×576 ஆக்குவது போன்ற சுற்றுவழியில் போனால் இன்டர்லேஸ் வரிகள் ஒன்றோடொன்று கலந்து, அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லாகி, பிறகு எதைச் செய்தாலும் சரிசெய்ய முடியாது. அப்படியே 4:3 ஃபிளாக் போட்டு என்கோட் செய்யுங்கள் (டிவிடி வடிவத்துக்குச் சுருக்கிப் பதியுங்கள்). ஃபீல்டு வரிசை முக்கியம்: மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டி கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். மாற்றிப் போட்டால் கை அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். விஎச்எஸ் படத்தின் அடியில் நெளியும் சில வரிகளை வெட்டி இழுக்க வேண்டாம். அந்த இடத்தைக் கறுப்பால் மூடினால் போதும்.

பழைய ஸ்டுடியோ டிவிடியில் அகலத்திரைப் படம் 4:3 ஃபிரேமுக்குள் பட்டையோடு இருந்தால் ஒரு விதிவிலக்கு. நடுவிலுள்ள 720×432 பகுதியை வெட்டி 720×576 ஆக்கி, 16:9 ஃபிளாக் போடலாம். தெளிவு கூடாது. ஆனால் தபால்தலை பெரிதாகித் திரையை நிரப்பும்.

இன்டர்லேஸ் எச்டி

1080 வரி, 50 ஃபீல்டு கேமரா வீடியோவை நேராக 576 வரிக்குச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டும் குழம்பிவிடும். சரியான வரிசை இது: ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் வீதம் டீஇன்டர்லேஸ் செய்து (பாதிப் படங்களை முழு ஃபிரேமாக்கி) 50 ஃபிரேம் ஆக்குங்கள், பிறகு அளவு மாற்றுங்கள், பிறகு மேல் ஃபீல்டு முதலாக மீண்டும் இன்டர்லேஸ் செய்யுங்கள். நாதஸ்வரக்காரரின் விரல் அசைவும் ஆரத்தித் தட்டின் சுழற்சியும் வழவழப்பாக ஓடுவதற்கு இந்த ஒரு படிதான் காரணம். நேரம் இல்லையென்றால் 25 ஃபிரேம் புரோகிரசிவாக டீஇன்டர்லேஸ் செய்துவிடலாம். அசைவு சற்றுத் துண்டுபடும், ஆனால் சீப்புப் பல் இருக்காது.

எஃப்எஃப்எம்பெக்கில் செய்யும் வரிசை

டிவிடி அளவுக்கு மாற்ற, கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) அளவுக்கு நம்பகமான இலவசக் கருவி இல்லை. அதில் ‘டார்கெட்’ விருப்பத்துக்கு ‘பால்-டிவிடி’ என்று கொடுத்தால் எம்பெக்-2, 25 ஃபிரேம், 15 ஃபிரேம் ஜிஓபி (சேர்த்துச் சுருக்கும் ஃபிரேம் தொகுதி), 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3 ஒலி எல்லாம் தானாக அமைந்துவிடும். ஆனால் விகிதத்தை அது பார்த்துக்கொள்ளாது. எதைக் கொடுத்தாலும் 720×576-க்குள் திணித்துவிடும். ஃபில்டர்களை நீங்கள்தான் இந்த வரிசையில் கோக்க வேண்டும்: டீஇன்டர்லேஸ், கிராப் (வெட்டுவது), ஸ்கேல் (அளவு மாற்றுவது), பேட் (பட்டை நிரப்புவது), கடைசியாக செட்டார் (setdar, காட்சி விகிதத்தைக் குறிப்பது). 2.35 படத்துக்கு ஸ்கேலில் 720, 436. பேடில் 720, 576, 0, 70. செட்டாரில் 16-க்கு 9. கடைசி ஃபில்டர் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஸ்கேல் ஃபில்டர் மூல விகிதத்தைக் காப்பாற்ற பிக்சல் வடிவத்தைத் தானே கணக்கிடுகிறது. 436 என்று முழுமைப்படுத்தியதால் விளைவு 16:9-க்கு மிக அருகில் வரும், மிகச் சரியாக வராது. எம்பெக்-2-இலோ டிவிடிக்குரிய விகிதங்கள் 4:3, 16:9 இரண்டே. நீங்களே சொல்லிவிட்டால் சந்தேகம் இல்லை.

எச்டியிலிருந்து இறங்கும்போது நிற அட்டவணையும் மாற வேண்டும்: எச்டிக்கு 709, டிவிடிக்கு 601. இதை விட்டுவிட்டால் அரக்குப் பட்டுப்புடவையும் தோப்புப் பச்சையும் சற்றே வேறு சாயலுக்குப் போகும். ஸ்கேல் ஃபில்டரிலேயே உள்நிறம், வெளிநிறம் இரண்டையும் குறிப்பிட இடம் இருக்கிறது.

பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் செய்பவர்களுக்கு ஒரு விளக்கம். ‘பால்’ அகலத்திரை சீக்வென்ஸில் பிக்சல் வடிவம் 1.4587 என்று இருக்கும், நாம் சொன்ன 1.422 அல்ல. அனலாக் காலத்தில் 720 பிக்சலில் 702 அளவுதான் உண்மையான படம், ஓரங்கள் உபரி என்ற கணக்கில் வந்தது அது. அதனால் எச்டி வீடியோவை அதில் போட்டால் இருபுறமும் 9 பிக்சல் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். இரண்டு கணக்குக்கும் இடையிலான வேறுபாடு சுமார் இரண்டரை சதவீதம்தான். கண்ணால் பிடிக்க முடியாது. கோடு பிடிக்காவிட்டால் ஃபிரேமுக்குப் பொருந்துமாறு இழுத்துவிடுங்கள். இதற்காக இரவெல்லாம் உட்கார வேண்டாம்.

ஃபிளாக் இரண்டு இடத்தில் இருக்கிறது

வீடியோவுக்குள் ஒரு ஃபிளாக். டிஸ்க்கின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ஐஎஃப்ஓ கோப்பில் இன்னொன்று. வீட்டு பிளேயர் ஐஎஃப்ஓவைப் பார்க்கும். கணினி மென்பொருள்கள் சில வீடியோவுக்குள் இருப்பதைப் பார்க்கும். டிவி, பிளேயர் அமைப்பு சரியாக இருந்தும் கணினியில் சரியாகவும் டிவியில் ஒல்லியாகவும் தெரிந்தால் இரண்டும் முரண்படுகின்றன என்று அர்த்தம். மீண்டும் என்கோட் செய்ய வேண்டியதில்லை. டிவிடி ஸ்டைலர் போன்ற ஆதரிங் (டிஸ்க் கட்டும்) மென்பொருளில் விகிதத்தை ‘ஆட்டோ’விலிருந்து 16:9-க்கு மாற்றி, வீடியோவை மறுபடி சுருக்காமல் ‘காப்பி’ என்று வைத்து டிஸ்க்கைத் திரும்பக் கட்டினால் போதும். அங்கேயே 4:3 டிவியில் எப்படிக் காட்ட வேண்டும் என்ற கேள்வியும் வரும். லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் பட்டை) என்று வையுங்கள். பேன்-ஸ்கேன் வைத்தால் குரூப் போட்டோவில் இரு ஓரத்து ஆட்களும் காணாமல் போவார்கள்.

ஒரு டைட்டில்செட்டுக்கு (டிஸ்க்கில் ஒரே அமைப்புள்ள வீடியோக்களின் தொகுதி) ஒரே விகிதம்தான். அப்பா அம்மா கல்யாணத்து 4:3 டேப்பையும் மகள் கல்யாணத்து 16:9 வீடியோவையும் ஒரே டிஸ்க்கில் வைக்கலாம், ஆனால் தனித்தனி டைட்டில்செட்டில். ஒன்றில் சேர்த்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் இழுபடும்.

பிட்ரேட்டுக்கு (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) மனக்கணக்கு: 4.7 ஜிபி டிஸ்க்குக்கு 600-ஐ நிமிடத்தால் வகுத்தால் மொத்த மெகாபிட் கிடைக்கும், ஒலிக்கு 0.2 கழியுங்கள். 120 நிமிடத்துக்கு 4.8, 90 நிமிடத்துக்கு 6.4. வீடியோவுக்கு விதிமுறை உச்சம் 9.8 என்றாலும் நாமே எழுதும் டிஸ்க்கில் 8-ஐத் தாண்ட வேண்டாம், பழைய பிளேயர்கள் திக்கும். நீளமான வீடியோவை 352×576 ஆக்கி இடம் மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தால், அந்த அளவுக்கு 4:3 மட்டுமே அனுமதி என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு நாடாவால் ஒரு சோதனை

முழு டிஸ்க்கையும் எழுதும் முன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் டிவிடி-ஆர்டபிள்யூவில் (அழித்து எழுதக்கூடிய டிஸ்க்) எழுதி உண்மையான டிவியில் பாருங்கள். அதற்கு முன் பிளேயரின் அமைப்பில் டிவி வகை 16:9 என்றும், டிவியின் ரிமோட்டில் ஜூம் எதுவும் இல்லாமலும் இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கில் பிழையே இல்லாமல் இந்த இரண்டால் வரும் புகார்கள் நிறைய. படக்குழாய் டிவி ஓரங்களை மறைத்துவிடும் என்பதால் பெயர், தேதி எழுத்துகளை ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் பத்து சதவீதம் உள்ளே தள்ளி வையுங்கள். 720×576-இல் பக்கவாட்டில் 72, மேலும் கீழும் 58 பிக்சல்.

இப்போது கேமராவுக்கு நேராக முகம் காட்டும் வட்டப் பொருள் ஒன்று வரும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நல்லது. நிச்சயதார்த்தத் தட்டை நிமிர்த்திக் காட்டும் நொடி இருந்தால் அதுவும் சரி. நாடாவைத் திரையில் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அகலத்தை உயரத்தால் வகுங்கள்.

1.00 அல்லது 1.02 வந்தால் விகிதம் சரி. 0.75 வந்தால் 16:9 படம் 4:3 ஃபிளாக்கோடு போகிறது. 1.33 என்றால் நேர்மாறு, 4:3 படம் 16:9 ஆக விரிகிறது. இவை இரண்டும் ஃபிளாக் பிழை, அல்லது டிவியோ பிளேயரோ அமைப்பில் செய்த குளறுபடி. முன்பு சொன்னபடி கட்டிச் சரிசெய்யலாம். 1.07 வந்தால் பிக்சல் வடிவத்தை மறந்து 720×405 ஆக்கி 4:3 ஃபிரேமில் பட்டை போட்டிருக்கிறீர்கள். அங்கே 432 இருந்திருக்க வேண்டும். அதே தவறு என்டிஎஸ்சியில் 0.89 ஆக வரும், அங்கே சரியான உயரம் 360. 1.42 என்றால் அந்த 720×405-ஐ 16:9 ஃபிரேமில் பட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் ஃபிளாக் மாற்றுவது உதவாது. மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய், கணக்கை முதலிலிருந்து போட்டு, மீண்டும் என்கோட் செய்ய வேண்டும். ஆகவே மூலக் கோப்பை டிஸ்க் கைக்குப் போய், அவர்கள் வீட்டு டிவியில் ஓடிய செய்தி வரும்வரை அழிக்காதீர்கள்.